தோள்வெட்டு

ஆகஸ்ட் 19, திங்கள்

"சார், எலும்புக்கு உயிர் இருக்கா?" என்று முன்பு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எலும்பை ஒரு சுவர் என்று வைத்துக்கொள் என்றேன். அந்தச் சுவரில் இரண்டு கொத்தனார்கள் ஓயாமல் வேலை செய்கிறார்கள். ஒருவர் பழைய செங்கலைப் பெயர்த்துக்கொண்டே போகிறார். இன்னொருவர் அந்த இடத்தில் புதுச் செங்கல் வைத்துக்கொண்டே பின்னால் வருகிறார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வேலை செய்யும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது.

"வைக்கிற கொத்தனாருக்கு வயசாயிட்டா, சார்?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தப் பெண் கிளாடிஸ்தான் இப்போது எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இன்று காலை வீட்டுக்கு வந்திருந்தாள். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு எலும்புத் தேய்மான ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க ஒரு முகாம் போட வேண்டுமாம்.

"பொம்பளைகளுக்குப் போட்டா வரிசையில நிக்காங்க சார். ஆம்பளைகளுக்குப் போட்டா நானும் பந்தலும்தான் இருக்கோம். அது பொம்பளைக நோயாம். நீங்க கூப்பிட்டா வருவாங்க. பாதிப் பேரு உங்ககிட்ட அடி வாங்குனவங்க."

சரி என்றேன். மிக்கேல் அதிதூதர் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்பே முகாமை முடித்துவிட வேண்டும். பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மதியம் என் மனைவி பிலோமி மல்லி டப்பாவை மேல்பலகையிலிருந்து எடுத்துத் தரச் சொன்னாள். எட்டவில்லை. முக்காலி போட்டு எடுத்தேன். போன தடவை வெள்ளையடித்தவர்கள் பலகையைக் கழற்றி மேலே ஏற்றி மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. பிலோமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. மண்ணை வாரி அடிக்கிறது. மூச்சு இரைக்கிறது. வெள்ளை மாத்திரை வழக்கத்தைவிட ஒன்று கூடுதல்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசை முடிந்ததும் சாமியார் முகாமைப் பற்றி அறிவித்தார். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் தொம்மை கச்சேரி நடத்திக்கொண்டிருந்தான்.

தொம்மை என் மனைவியின் தம்பி. அறுபத்து நான்கு வயது. விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். அதிதூதர் சிலையை வைத்துத் தோளில் தூக்கும் திருவிழாச் சப்பரத்தில் முன்தண்டின் வலப்பக்கம் அவன் இடம். இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து அவன் தோள்தான் அங்கே. சப்பரம் கோயில் வாசலைத் தாண்டும்போது முதலில் தெரிவது அதிதூதரின் வாள், அடுத்தது தொம்மையின் மீசை என்று ஊரில் சொல்வார்கள்.

"வாங்க அத்தான்! நம்மள எல்லாம் பொம்பளையா ஆக்கிட்டீயளாமே? அடுத்த வாரம் வளைகாப்பா?"

"எலும்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணுதான் மாப்ள."

"எம் முதுகெலும்ப ஒடைக்க இன்னொரு எஞ்சின் பொறந்து வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டான். சட்டை அவனுக்குத் தொளதொள என்றிருந்தது. தையல்காரன் அளவு மாற்றித் தைத்துவிட்டானா என்று கேட்டேன். "பழைய சட்டைதான் அத்தான், துவைச்சுத் துவைச்சு நீண்டுபோச்சு" என்றான். துவைத்தால் துணி சுருங்கும் என்றல்லவா நான் பாடம் நடத்தினேன்?

செப்டம்பர் 1, ஞாயிறு

முகாம். பங்கு மண்டபத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கூட்டம். கேள்விகளை நான் கேட்டேன், கிளாடிஸ் எழுதினாள். ஐம்பதுக்குப் பிறகு சின்னதாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததுண்டா? பீடி, சிகரெட்? தினமும் குடியா? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்ததா? மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டதுண்டா? இளவயதில் இருந்த உயரம் குறைந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வியில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். தன் பழைய உயரம் யாருக்குத் தெரியும்? ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டும் என்று கிளாடிஸ் சொன்னாள். எதிலிருந்து குறைந்தது என்று தெரியாமல் எதைக் கழிப்பது?

தொம்மையும் வந்தான், வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. பீடி உண்டு. சாராயம் முன்பு உண்டு, இப்போது பிராந்தி. போன வருடம் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், அதோடு பல நாள் படுக்கையில் கிடந்ததாகவும் அவன் மனைவி ரெஜினா சொன்னாள். "பிடிப்பு. தைலம் தேச்சேன், போச்சு" என்றான் அவன். கிளாடிஸ் சிரிக்கவில்லை. 23-ஆம் தேதி தூத்துக்குடிக்கு ஸ்கேன் எடுக்கப் போகும் வேனில் அவன் பெயரை எழுதினாள்.

"இதெல்லாம் ஆகாது. எனக்கு எப்பவும் ஒரே ஒசரம்தான். எம் பழைய ஒசரம் சப்பரக் கொட்டகையில வெட்டிக் கெடக்கு. வேணும்னா வந்து பாருங்க அத்தான்!"

முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கிளாடிஸ் கேட்டாள், "சார், உங்களுது எழுதலயே?"

"நான் முகாம் நடத்துறவன்மா."

போன வருடத்துக்கு முந்தின வருடம் எனக்கு மணிக்கட்டு முறிந்தது உண்மை. ஆனால் அது குளியலறையில் வழுக்கியது. வழுக்கினால் யாருக்கும்தான் முறியும். மூச்சுக்கான வெள்ளை மாத்திரையும் மழைக்காலத்துக்கென்று தொடங்கியது. மருந்துக் கடைக்காரன் என் பழைய மாணவன், சீட்டு கேட்க மாட்டான். கொஞ்ச காலமாக வெயிலிலும் மூச்சு வாங்குவதால் எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, புதன்

என் கால்சட்டைகளின் அடியை பிலோமி மறுபடியும் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துத் துணி தொய்ந்துவிடுகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். ஒவ்வொரு வருடமும் இன்றுதான் சப்பரக் கொட்டகையைத் திறந்து தூசி தட்டுவார்கள். மோயீசன் சாவியோடு வந்திருந்தார். எண்பதை நெருங்குகிறார். சப்பரத்துக்கு யார் யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது அவர்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சப்பரம் தூக்கப் புதிதாக வருகிறவனைக் கொட்டகையின் உள்வாசல் மரத்தூணில் முதுகைச் சாய்த்து நிறுத்துவார்கள். அவன் தோளின் உயரத்தில் உளியால் ஒரு கோடு, பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. அதற்குத் தோள்வெட்டு என்று பெயர். ஒரே உயரத்தில் வெட்டு உள்ள இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒரு தோள் தாழ்ந்தால் சப்பரம் சாயும். சப்பரம் சாய்ந்தால் அந்த வருடம் கடல் கொடுக்காது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. தொம்மையின் ஜோடி லூர்து. இரண்டு வெட்டும் ஒரே கோடு போல அடுத்தடுத்து இருக்கும்.

போன வருடம் சப்பரம் தொம்மை பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. தண்டு வளைந்துவிட்டது என்று மோயீசன் புதுத் தண்டு போட்டிருக்கிறார். எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

தொம்மை செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணில் போய் நின்றான். தரை ஓடு மினுமினுவென்று குளிர்ச்சியாக இருந்தது. மோயீசன் மட்டப்பலகையை அவன் தோளில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அச்சு அசலா இருக்குலே! வெட்டு மேலேயே நிக்கி!"

"பாத்தீயளா அத்தான்! இத்தனை வருசத்துல ஒரு நூல் எறங்கல!" தொம்மை மீசையை முறுக்கினான். லூர்து கடலுக்குப் போயிருந்தான், இல்லையென்றால் அவனையும் நிறுத்தியிருப்பார்கள்.

நான் குனிந்து, நிமிர்ந்து, இரண்டு தடவை பார்த்தேன். பலகையின் அடிவிளிம்பும் வெட்டும் ஒன்றாகவே இருந்தன. அளவு பொய் சொல்லாது என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொடுத்தவன் நான். உயரம் குறையாத ஆளை, திருவிழா வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தூத்துக்குடிக்கு ஏன் அலைக்கழிக்க வேண்டும்? "சரிடா, நீ ஜெயிச்ச. ஸ்கேன் வேண்டாம். நான் கிளாடிஸ்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான்.

"சாரும் நில்லுங்க! சாருக்கும் ஒரு வெட்டு இருக்குல்ல" என்றார் மோயீசன். பயிற்சிப் பள்ளிக்குப் போவதற்கு முன் இரண்டு வருடம் நானும் பின்தண்டில் தூக்கியிருக்கிறேன். நின்றேன். பலகை வெட்டுக்குக் கீழே, நல்ல இரண்டு விரல் கீழே நின்றது.

"நாக்காலியில உக்காந்து உக்காந்து வாத்தியாரு தேஞ்சுபோனாரு!" என்றான் தொம்மை. சிரித்தோம். நான் சரியாகச் சாய்ந்து நிற்கவில்லை. தூணும் அந்த இடத்தில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது.

தூணின் அடியில் ஒரு சின்னச் சிலுவை செதுக்கியிருக்கிறது. கைகள் நீளம், கால் குட்டை. எந்தத் தச்சனோ, அளவு தெரியாமல் செதுக்கியிருக்கிறான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கிளாடிஸிடம் சொன்னேன். அவள் முகாம் நோட்டைப் புரட்டினாள்.

"சார், ஒசரம் மட்டும் இல்லையே. அந்த 'டக்'னு கேட்ட சத்தம்..."

"தூணிலேயே அளந்து பாத்தாச்சும்மா. நானே பாத்தேன்."

"நீங்க பாத்தா சரி சார்" என்று அவன் பெயரை அடித்தாள். ஒரு காலத்தில் நான் கரும்பலகையில் தப்பாக எழுதினால் உடனே கை தூக்குகிற பெண். வளர்ந்தவுடன் எல்லோருக்கும் மரியாதை வந்துவிடுகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மோயீசன் சுக்குவெந்நீர் போட்டுத் தூக்குகிறவர்களுக்குக் கொடுத்தார். வெறும் சப்பரத்தை மணலில் தூக்கிப் பார்த்தார்கள். லூர்து இன்னும் கரை திரும்பவில்லை. அவன் இடத்தில் வேறொருவன். தொம்மை தோளைக் கொடுத்துவிட்டு எழும்போது ஒரு கணம் அப்படியே நின்றான், எதையோ கேட்பவன்போல. பிறகு எழுந்துவிட்டான்.

"என்னலே?" என்றார் மோயீசன்.

"மிக்கேல் சம்மனசு கனம் கூடிட்டாரு. கறியும் மீனும் நல்லா சாப்பிடுதாரு போல."

செப்டம்பர் 20, வெள்ளி

கொடியேற்றம். கொடி பாதி மரம் ஏறியதும் கயிறு சிக்கிக்கொண்டது. காற்றில் கொடி மரத்தோடு சுற்றிக்கொண்டு படபடவென்று அடித்தது. ஒருவன் ஏறி எடுத்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். பிலோமி தட்டவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்கு இரண்டு வெள்ளை மாத்திரை.

செப்டம்பர் 23, திங்கள்

வேன் காலையிலேயே போய்விட்டது. தொம்மையின் இருக்கை காலியாகப் போனதாம். கூட ஏற வேறு யாரும் வரவில்லை என்றாள் கிளாடிஸ். "நீங்களாவது வந்திருக்கலாம் சார்" என்றாள். திருவிழா மலருக்கு மெய்ப்புத் திருத்த வேண்டியிருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் மனம் நிதானப்படும்.

மாலையில் கொட்டகையில் சப்பரத்துக்குப் பூ வேலை. லூர்து நேற்றுத்தான் கரை திரும்பியிருக்கிறான். விளக்கு வாங்க தொம்மை தூத்துக்குடி போயிருந்தான். யாரோ லூர்திடம், "லேய், தொம்மை வெட்டுல அச்சு அசலா நின்னான், நீ நில்லு பாப்போம்" என்றார்கள். நின்றான். மோயீசன் பலகையை வைத்தார்.

பலகை வெட்டுக்கு மேலே போனது. கொஞ்சம் அல்ல. இரண்டு அங்குலம்.

"ஏல லூர்து, அறுபத்தி மூணு வயசுல வளருதியா!"

"எதுக்கும் ஒங்க அம்மாகிட்ட சொல்லி, சட்டைய நீட்டித் தைக்கச் சொல்லு மக்கா!"

"கடத்தண்ணி குடிச்சா வளரும்வே, நீரும் குடியும்!" என்றான் லூர்து.

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து செருப்பைத் தேடிக் குனிந்தேன். தாழ்வாரத்தூணின் அடியிலும் அதேபோல ஒரு சின்னச் சிலுவை. அதே தச்சன் கை. ஆனால் இதில் கால் நீளமாக, சரியாக இருந்தது.

உள்ளே திரும்பிப் போய் மறுபடி குனிந்தேன். உள்தூணின் சிலுவைக்கும் கால் நீளம்தான். மிச்சக் கால் தரைக்குள் இருக்கிறது. வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வருடம், கொட்டகையின் உள்தரையை மட்டும் உயர்த்தி ஓடு பதித்தோம். பதித்தது எல்லோருக்கும் தெரியும். புதுத் தரையைச் சாமியார் அர்ச்சித்தபோது முன்வரிசையில் நான் நின்றேன்.

ஒரு எடுத்துக்காட்டு. கிணற்றுத் தண்ணீர் இரண்டு அடி வற்றுகிறது. யாருக்கும் தெரியாமல் கயிற்றில் இரண்டு அடியைச் சேர்த்துவிட்டால் வாளி வழக்கம்போல நிறைந்தே வரும். தண்ணீர் வற்றவில்லை என்று சத்தியம் செய்யலாம்.

தரை இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறது. வயது போகப் போக யாருக்கும் கொஞ்சம் குறையும்தான், ஆனால் லூர்துக்கு ஒன்றுமே குறையவில்லை. அதனால் அவன் வெட்டுக்கு மேலே வந்தான். தொம்மை வெட்டின்மேல் அச்சு அசலாக நின்றான். அப்படியென்றால் தொம்மை இரண்டு அங்குலம் போயிருக்கிறான்.

என்னுடைய கணக்கை இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

தொம்மை வீட்டுக்குப் போனேன். ரெஜினா காப்பி கொடுத்தாள். அவன் வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டுக் கொடியில் காயப்போட்டிருந்தான். சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வருசம் தோளுக்குத் துண்ட மடிச்சு வச்சு தூக்குனேன் அத்தான். பயலுவ முன்னாடி மானம் போச்சு. 'தொம்மை கெழவனாயிட்டான்'னு ஒருத்தன் சொன்னது இந்தக் காதுல விழுந்துச்சு. இந்த வருசம் எவனும் வாயத் திறக்க முடியாது. வெட்டு சரியா இருக்கு. நீங்க சாட்சி."

நான் காப்பியைக் குடித்தேன். சர்க்கரை கூடுதல்.

"என்ன அத்தான், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"மூச்சுதான். காற்று."

மோயீசனிடம் சொன்னால் நாளைக்குள் புதுத்தரையின் இரண்டு அங்குலத்தைக் கழித்து எல்லோரையும் மறுபடி அளப்பார். என்னையும்தான் நிறுத்துவார். வேடிக்கை பார்க்க ஊரே கூடும். திருவிழாச் சமயத்தில் ஏன் அந்தக் கலவரம்? ஒரே ஒரு மாலைதானே. முடியட்டும். திங்கட்கிழமை நானே அவனைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போகிறேன்.

பிலோமி, "எங்க போயிட்டு வாறிய?" என்றாள். சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்றேன்.

செப்டம்பர் 28, சனி

கச்சான் நின்றுவிட்டது. கடல் எண்ணெய்போல அசையாமல் கிடக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

சாயங்காலப் பூசை முடிந்து சப்பரம் புறப்பட்டது. வெளிச்சம் இன்னும் இருந்தது. கோயில் வாசலை நல்லபடியாகத் தாண்டியது. முதலில் வாள், பிறகு மீசை. நான் தொம்மை பக்கமாகவே, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடந்தேன். மேளக்காரர்கள் காதைக் கிழித்தார்கள்.

கடற்கரைத் தெரு திரும்பினால் சாலை சரிவு. சரிவில் இறங்கும்போது பாரம் முழுவதும் முன்தண்டுக்கு வரும். சப்பரம் வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. அதிதூதரின் வாள் மெதுவாக எங்கள் பக்கம் வந்தது. மாடிகளில் நின்ற பெண்கள் "ஆ" என்றார்கள்.

"துண்டு! துண்ட மடிச்சு வையிங்கலே!" என்று மோயீசன் கத்தினார். யாரோ ஒரு துண்டைத் தண்டுக்கடியில் செருகினான்.

"தொம்மை, மாத்திக்க! ஆள மாத்திக்க!" என்று நான் கூப்பிட்டேன். எனக்கு மூச்சு இல்லை. குரல் எழும்பவில்லை. ஆனாலும் அவனுக்குக் கேட்டது. முகமெல்லாம் வியர்வையோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"வெட்டு சரியா இருக்கு அத்தான்!"

சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. வெடி வெடித்துக்கொண்டிருந்தது. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். சொல்ல வந்த வார்த்தையை மறந்துவிட்டவன் முகம்போல ஆனது. பிறகு, யாரோ உட்காரச் சொன்னதுபோல, தண்டுக்குக் கீழேயே மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

லூர்து தாங்கினான். பின்னாலிருந்து இருவர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். சப்பரம் விழவில்லை. அதிதூதர் விழவில்லை என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது, சிலர் அழுதார்கள். கால்களுக்கு நடுவே தொம்மை உட்கார்ந்திருந்ததைக் கவனித்து ஓடியவள் பிலோமி.

அக்டோபர் 2, புதன்

தூத்துக்குடி ஆஸ்பத்திரி. கால்விரலை அசைக்கிறான். இந்த மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதில் சிலவற்றின் முன்பக்கத்தை மட்டும் விரலால் அமுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி முதுகெலும்பில் மூன்று.

"இது புதுசு. இது ரெண்டும் பழசு. போன வருசமே ஒடைஞ்சிருக்கணும். யாருமே பாக்கலையா?"

ரெஜினா அழுதாள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று டாக்டருக்குத் தெரியாது.

மதியம், பிலோமி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது தொம்மை கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"வெட்டு சரியாத்தான இருந்துச்சு அத்தான்?"

தரையைப் பற்றிச் சொன்னேன். ஓடு, சிலுவையின் கால், லூர்து, எல்லாம். வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னேன்.

"அப்ப லூர்து வளரலியா?" என்று சிரிக்கப் பார்த்தான். வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு கேட்டான்:

"ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

பிலோமியின் கை ஆரஞ்சில் நின்றது.

"வியாழக்கிழமை" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தீய."

"வந்தேன்."

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். "தூக்கம் வருது அத்தான்" என்றான். தூங்கவில்லை. அவன் தோள் தூங்குகிறவன் தோளாக இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

பிலோமி இன்று என்னோடு பேசவில்லை. இரண்டு வேளையும் சோறு மட்டும் வைத்தாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

கிளாடிஸ் மறுபடி பங்கு மண்டபத்தில் மேசை போட்டாள். யாரையும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வாசல்வரை வரிசை நின்றது. எல்லோருக்கும் முன்னால் மோயீசன். கேலி பேச யாரும் இல்லை. பேசுகிறவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இரும்பு பெல்ட் போட்டு நாளை உட்கார வைப்பார்களாம். இனி சப்பரம் இல்லை, எஞ்சின் தூக்குவதும் இல்லை. மேற்கொண்டு முறியாமல் இருக்க ஊசி மருந்து உண்டு என்கிறார்கள். ரெஜினாவிடம் நான் வரலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

இந்த முறை பழைய உயரத்தை யாரிடமும் கேட்கவில்லை. வெட்டும் வேண்டாம், தூணும் வேண்டாம் என்று கிளாடிஸ் ஒவ்வொருவரையும் வெறும் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். முதுகு முன்னால் வளைந்திருந்தால் பின்தலை சுவரில் படாது, சுவரை ஏமாற்ற முடியாது என்றாள். வகுப்பில் நான் இப்படி ஒரு நல்ல எடுத்துக்காட்டு சொன்னதாக நினைவில்லை.

வரிசை முடிந்தது. நான் நாற்காலிகளை அடுக்கப் போனேன்.

"சார்."

"நேரமாச்சும்மா."

"அன்னைக்கு மணி அடிச்சிருச்சு. நீங்க பதில் சொல்லல" என்றாள். எந்தக் கேள்வி என்று இருவருக்கும் தெரியும்.

வாசலில் பிலோமி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு இன்றுதான் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"ரெண்டு தடவ மடிச்சுத் தச்சிருக்கேன். துணி தொய்யலங்க. செருப்பக் கழட்டுங்க."

கழற்றினேன். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. குதிகால் பட்டது, இடுப்பு பட்டது, தோள்பட்டை பட்டது. கிளாடிஸ் என் பின்தலைக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்தாள். கை தடையில்லாமல் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. மோவாயைத் தூக்கினால் தலை படும். தூக்கப் பார்த்தேன். "தூக்காதீங்க சார்" என்றாள் மெதுவாக.

வெள்ளை மாத்திரையையும் மணிக்கட்டையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். மாத்திரையை நானாக உடனே நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடிதான் குறைக்க வேண்டும் என்றாள். வேன் நாளை காலை. என் பக்கத்து இருக்கையில் பிலோமி வருகிறாள். தம்பியைப் பார்க்கத்தான் வருவதாகச் சொல்கிறாள்.

கிளாடிஸின் கேள்விக்குப் பதில் இது. வைக்கிற கொத்தனாருக்கு வயதாகிவிட்டால் சுவர் மெலியும். வெளிப்பூச்சு அப்படியேதான் இருக்கும், அதனால் வீட்டுக்காரனுக்குத் தெரியாது. தட்டிப் பார்த்தால் தெரியும். தட்டிப் பார்க்கத்தான் அவனுக்கு மனம் வராது.

இதை யாராவது படிக்க நேர்ந்தால், நீங்களோ உங்கள் வீட்டிலுள்ள ஐம்பது தாண்டிய ஆணோ, இப்போதே செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் படச் சுவரில் சாய்ந்து நின்று, மோவாயைத் தூக்காமல் பின்தலை சுவரில் படுகிறதா என்று பாருங்கள்.